பயத்தோடவே எழுத வைத்த தேவன்

ஏழு வருஷம் நான் ஒரு வரிகூட எழுதல. மனசில்லாம இல்ல. முடியல.

என் பேரு எஸ்தர். ஊரு முசரவாக்கம். காஞ்சிபுரத்துல ஒரு பட்டுப்புடவைக் கடையில வேலை. நாள் பூரா புடவையை விரிச்சுக் காட்டறேன், மடிச்சு வைக்கறேன். எங்க அப்பா அம்மா அடுத்தவங்க நிலத்துல கூலிக்குப் போனவங்க. எங்க குடும்பத்துல முதல்ல பேனா பிடிச்சவ நான்தான். பன்னெண்டாவது படிக்கும்போதே எங்க சபைக்குக் கிறிஸ்துமஸ் நாடகம் எழுதினேன். அப்புறம் வருஷா வருஷம் நான்தான் எழுதுவேன். என் நாடகத்துல மரியாளும் யோசேப்பும் எங்க தெரு ஜனங்க மாதிரியே பேசுவாங்க.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி டவுன்ல சபைகளுக்கெல்லாம் நாடகப் போட்டி வெச்சாங்க. நானும் அனுப்பினேன். முடிவு சொல்ற அன்னிக்கு நடுவர் ஒருத்தர் மைக்குல என் நாடகத்தை இழுத்து இழுத்துப் படிச்சார். "இது மரியாளா, இல்ல மார்க்கெட்டு பொம்பளையா?"ன்னார். கூட்டமே சிரிச்சுது. பக்கத்துல உக்காந்திருந்த என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கினார். அதைத்தான் என்னால தாங்க முடியல.

அதோட போச்சு. முதல் வரி எழுதுவேன், அந்தச் சிரிப்பு காதுல கேக்கும், அடிச்சுடுவேன். சபையில கேட்டா, "கடையில சீசன், நேரமில்ல"ன்னு சொல்லுவேன். ஏழு வருஷமும் பொய்.

உபவாசம் இருந்து கேட்டேன். ஒண்ணும் நடக்கல. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள்ல, ஒரு மதிய சாப்பாட்டு நேரம். கடை ஸ்டாக் ரூம் கதவைச் சாத்திக்கினு ஆண்டவர்கிட்ட சண்டையே போட்டேன்.

"என்னை எழுத வைங்க. இல்லன்னா இந்த ஆசையையாவது பிடுங்கிப் போடுங்க. ரெண்டுல ஒண்ணு பண்ற வரைக்கும் உங்களை விட மாட்டேன்."

மரியாதையா ஜெபிக்கல. ஆனா நெஜமா ஜெபிச்சேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் சாலோமி வந்தா. எங்க தெருதான். அவ வீட்டுக்காரர் கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு ஒடஞ்சு கெடந்தவர். இனிமே நடக்க மாட்டார்னு சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, அந்த வாரம்தான் கம்பு ஊனிக்கினு வாசல் வரைக்கும் நடந்தார்.

"ஆண்டவர் எங்களுக்குச் செஞ்சதைச் சபையில சாட்சியா சொல்லணும்க்கா. மைக்கைப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்குது. நான் சொல்றேன், நீ எழுதிப் படிச்சுடு."

"என்னால முடியாதுமா. எழுதறதை விட்டே வருஷமாச்சு."

"உன்னை யாரு யோசிச்சு எழுதச் சொன்னது? நான் சொல்றதை எழுதுக்கா, போதும்."

அவ வீட்டு வாசப்படியில உக்காந்தோம். அவ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு எடத்துல சொன்னா, "எனக்கு அழறதுக்குக்கூட நேரமில்லக்கா. மூத்திரம் எடுக்கணும், புரட்டிப் படுக்க வைக்கணும், வேலைக்கு ஓடணும். 'ஆண்டவரே, எனக்குப் பதிலா நீங்க அழுங்க'ன்னு சொல்லிட்டேன்."

நான் அழுதுக்கினே எழுதினேன். நிமிர்ந்து பாத்தா பதினோரு பக்கம். ஒரு அடித்தல் இல்ல. காதுல அந்தச் சிரிப்பு எப்போ நின்னுதுன்னே தெரியல.

சபைக் கமிட்டியில பெரியவர் ஒருத்தர் முன்கூட்டியே அதை வாங்கிப் படிச்சார். "ஆண்டவரை அழச் சொல்றதா? மூத்திரம் எல்லாம் ஆராதனையில படிக்கறதா? நல்ல தமிழ்ல மாத்தி எழுதுமா"ன்னார்.

தாளை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கினேன். பழைய எஸ்தரா இருந்தா அங்கேயே கிழிச்சுப் போட்டிருப்பா.

"ஒரு வார்த்தையும் மாத்த மாட்டேன் ஐயா. செத்துப்போன சிநேகிதன் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழலையா? சாலோமி இந்தப் பேச்சுலதான் ஜெபிச்சா. அவருக்குப் புரிஞ்சுதே! உங்களுக்கு மட்டும் ஏன் புரியல?"

பெரியவர் முகம் செவந்துபோச்சு. பாஸ்டர்தான், "படிக்கட்டும்"னார்.

படிச்சேன். ரெண்டு குடும்பம் எழுந்து வெளியே போச்சு. போகட்டும்னு தொடர்ந்து படிச்சேன். முடிச்சப்போ, ஆட்டோவுல கூட்டிக்கினு வந்து பின்னாடி உக்கார வெச்சிருந்த சாலோமி வீட்டுக்காரர் கம்பை ஊனி எழுந்து நின்னார். அப்புறம் சபையே எழுந்து நின்னுச்சு.

அந்த வாரமே புது நாடகம் ஆரம்பிச்சேன். வீம்புக்கு அதே போட்டிக்கு அனுப்பினேன். முதல் சுத்துலயே தள்ளிட்டாங்க. சேதி வந்த அன்னிக்கு அழுதேன், மறைக்கல. மறுநாள் காலையில பஸ்ஸுல போகும்போதே அடுத்ததை எழுத ஆரம்பிச்சுட்டேன். எனக்குக் கிடைச்ச அற்புதம் இதுதாங்க. தோத்தேன். ஆனா சாகல.

பயம் போயிடுச்சான்னு கேப்பீங்க. போகல. இப்பவும் பக்கத்துல உக்காந்துக்கினுதான் இருக்குது. இருந்துட்டுப் போகட்டும். எழுதறது நான்.

எதுலயாவது இப்படி மொடங்கிக் கெடக்கற சகோதரியே, சகோதரனே, அலங்காரமா ஜெபிக்கத் தெரியலன்னு காத்திருக்காதீங்க. உங்க வீட்டுப் பேச்சுலயே அவர்கிட்ட சண்டை போடுங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார், என்கிட்ட கோவிச்சுக்கல. நீங்க நினைக்காத ஆள் யாராவது வந்து ஒரு உதவி கேட்டு நிக்கும்போது மட்டும், முடியாதுன்னு சொல்லி அனுப்பிடாதீங்க. உங்க ஜெபத்துக்குப் பதில் அவங்க கையில இருக்கலாம்.