எட்டாவது வயர்

இது நடந்து இருபது வருஷம் இருக்கும். இடம் காரைக்குடி. எனக்கு அப்போது இருபத்தேழு வயது, ஒரு கேபிள் டிவி ஆபீஸில் லைன்மேன் வேலை. எங்கள் வீட்டில் அப்பா, பெரியப்பா, அண்ணன் எல்லாருக்கும் மரவேலைதான் பிழைப்பு. எனக்கு மட்டும் உளியைக் கண்டால் தூக்கம் வரும், ஏணியைக் கண்டால் உற்சாகம் வரும். அதனால் தோளில் வயர் சுருளை மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் வீடுகளை எல்லாரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். நான் மேலே நின்று குனிந்து பார்த்தவன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பெரிய வீட்டின் மொட்டைமாடியில் ஏறினால் சத்தமே இருக்காது. ஓட்டுக்கூரை ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். கைப்பிடிச் சுவர்களில் சுதைப் பொம்மைகள் வெயிலில் உட்கார்ந்திருக்கும். பூட்டிக்கிடக்கும் வீடுகளின் முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் மேகம் நகரும். வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டி நிழலில் வயர் சுருளைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவேன். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. ஊரே எங்கோ தூரத்தில் மிதப்பதுபோல் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கேபிள்காரர்கள் வழியாக வீட்டுக்கு வீடு நெட் கொடுக்கிற காலம் வந்தது. அதற்கு முன்னால் டெலிபோன் வயரில் வரும் நெட் இருந்தது. அதில் ஒரு போட்டோவைத் திறந்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம், பாதி முகம் தெரிந்திருக்கும். எங்கள் லைன் அப்படியில்லை, சட்டென்று வரும். ஆனால் எல்லாருக்கும் வராது. லைனை வீடுகளுக்குப் பிரித்துவிடும் ஒரு பெட்டியிலிருந்து நூறு மீட்டர்தான் வயர் இழுக்கலாம், அதற்குமேல் போனால் சிக்னல் செத்துவிடும். எங்கள் ஊர் வீடு ஒவ்வொன்றும் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். மூன்று வீடு தாண்டுவதற்குள் நூறு மீட்டர் தீர்ந்துவிடும். அடுத்த பெட்டி வைக்கலாம் என்றால் கரண்ட் வேண்டும், பக்கத்து வீடுகளோ பூட்டியிருக்கும்.

ஆகவே நான் வேலை பார்த்த ஒரு தெரு முழுவதற்கும் ஒரே ஒரு பெட்டி. ஒரு தையல்கடை மாடியில் வைத்திருந்தோம். எட்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கலாம். எட்டுக்கு மேல் போட்டால் எல்லாருக்கும் நின்றுவிடும் என்று ஓனர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காத்திருப்பவர்கள் பட்டியல் என் சட்டைப்பையில் இருந்தது. பக்கத்து ஊரான கல்லலிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, எங்க ஊருக்கு எப்ப வரும் என்று கேட்டுவிட்டுப் போனார். நான் தெருவில் நடந்தால் வாசலில் நிறுத்திக் காபி கொடுத்தார்கள். தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? எனக்கு நன்றாகவே ஏறியது.

ஏழு வீட்டுக்கு வயர் போட்டாகிவிட்டது. எட்டாவதாகப் பட்டியலில் இருந்தது தையல்கடையிலிருந்து ஒரு வீடு தாண்டி இருந்த வீடு. வீட்டுக்காரர் ஒரு இரும்புக்கடையில் கணக்குப்பிள்ளை, அதிர்ந்து பேசாதவர். மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்து, ஏழாம் மாசம் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார். மருமகன் ஒரு கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கிப் பார்சல் ஆபீஸில் போட்டு அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டர் வந்து இறங்கிருச்சு தம்பி, லைன் மட்டும்தான் வரணும், மகளும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துக்கிட்டா எங்களுக்கு நிம்மதி என்று என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். நாளைக்கு மத்தியானம் போடுகிறேன் என்றேன். அவரோ, நான் கடைக்குப் போய்விடுவேன், மனைவியும் வேண்டுதலுக்காகத் திருக்கோஷ்டியூர் போகிறாள், மகள் வீட்டில் இருப்பாள் என்றார்.

இங்கே எங்கள் தொழிலின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேபிள்காரன் வாசல் வழியாக வரமாட்டான், மாடி வழியாகத்தான் வருவான். மேலிருந்து வயரை இறக்கிவிட்டு, “வருதா?” என்று கத்துவான். கீழேயிருந்து, “வரலை… வரலை… ஆங், வந்திருச்சு” என்று பதில் வரும். எங்கள் பாதி வேலை இந்தக் கத்தல்தான்.

மறுநாள் தையல்கடை மாடியிலிருந்து வயரை இழுத்துக்கொண்டு, பூட்டிய வீடு ஒன்றின் மேலாக நடந்து அந்த வீட்டு மாடிக்குப் போனேன். முற்றத்துக்கு மேலே கம்பி வலை போட்டிருந்தது. கீழே அந்தப் பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயரை இறக்கிவிட்டு, அதைப் பிடிக்கச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அடுத்த தெருவில் ஒரு நாய் குரைத்தது, இவள் அசையவில்லை. ஐந்தாறு முறை கத்தியிருப்பேன். கீரையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது முகம் ஒரு பக்கமாகத் தெரிந்தது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெயிலில் ஓடு காலைச் சுடச்சுட நான் நிற்கிறேன், பதில் சொல்லக்கூட மனசில்லை. பெங்களூர்க்காரி ஆகிவிட்டால் கேபிள்காரன் அவ்வளவு இளக்காரமா என்று நினைத்தேன். இறக்கிய வயரை மேலே இழுத்துச் சுருட்டினேன். அன்று சாயங்காலமே பட்டியலில் ஒன்பதாவதாக இருந்த ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீஸர் வீட்டுக்கு அந்த எட்டாவது இணைப்பைக் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டிலிருந்தபடியே ஷேர் வியாபாரம் பார்க்கிறவர். உங்கள் முறை வந்துவிட்டது சார் என்று கூசாமல் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் கணக்குப்பிள்ளை ஆபீஸுக்கு வந்தார். பெட்டி நிறைந்துவிட்டது, அடுத்தது எப்போது வருமென்று தெரியாது என்றேன். மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டோமே தம்பி என்று இழுத்தார். நான் ஒரு வயரைச் சீவிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னேன்.

“அவசரம்னா போன்ல பேசிக்கச் சொல்லுங்கய்யா.”

 அவர், “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வயர் பழுது என்று கூப்பிட்டார்கள். முதல் மாடி, செங்குத்தான படி. நான் ஏறும்போது எனக்கு முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பின்னால் கை கொடுத்தபடி வந்தார். பாதியில் மூச்சு வாங்க நின்றாள். நானும் நின்றேன். பக்கவாட்டில் முகம் தெரிந்தது, அதே பெண். ஓஹோ, இப்ப இறங்கி வந்தாயா என்றுதான் அப்போதும் நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

பலகை அடைப்புக்குள் அவள் உட்கார்ந்தாள். நான் மேஜைக்கடியில் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். திரையில் ஒரு இளைஞன், அவன் கைகள் வேகவேகமாக அசைந்தன. இவள் கைகளும் அசைந்தன. விரல்கள் மடங்கின, விரிந்தன, நெற்றியைத் தொட்டன, வயிற்றைத் தொட்டன. அத்தனை அழகாக ஒரு பேச்சை நான் அதுவரை பார்த்ததில்லை. திடீரென்று திரையில் அவன் கை பாதியில் நின்றுவிட்டது. பத்து கம்ப்யூட்டரும் ஒரே லைனைப் பங்குபோட்டால் படம் நிற்கத்தானே செய்யும். அவளுடைய கைகளும் அப்படியே அந்தரத்தில் நின்றன. அவன் என்ன சொல்ல வந்தான் என்று தெரியாமல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் காத்திருந்தாள். பக்கத்து அடைப்பிலிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்துச் சிரிக்க, அவள் கைகளை மடியில் மறைத்துக்கொண்டாள்.

சென்டர்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “தெனமும் வர்றாக. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குமே பொறந்ததுலேருந்து காது கேக்காது, பேச்சும் இல்லை. பாதி நாளு படம் நின்னுபோயி அழுதுட்டுத்தான் போறாக.”

எனக்கு அந்த மேஜைக்கடியிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. போனில் பேசச் சொன்னேனே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த மனுஷர் செருப்பை மாட்டிக்கொண்டு போனது கண் முன்னால் நின்றது.

நேராகப் பேங்க் ஆபீஸர் வீட்டுக்குப் போனேன். அவர் திரையில் ஏதோ விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் முறை வரவில்லை, நான் பொய் சொன்னேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று தெரியும், என் வேலை போகும் என்றுகூட நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ எனக்கு உதவி செஞ்சதா நெனச்சியா? என்னையும்ல உன்கூடக் கூட்டுச் சேத்துட்ட. கழட்டிக்கிட்டுப் போ. நான் பேப்பர்ல பாத்துக்கிறேன்.”

அன்று சாயங்காலம் கணக்குப்பிள்ளை வேலை பார்த்த இரும்புக்கடைக்குப் போனேன். அன்றைக்கே வந்தேன், கத்தினேன், பதில் வராத கோபத்தில் போய்விட்டேன் என்று சொன்னேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. அது இன்னும் சுட்டது.

“தெருவுக்கே தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன் தம்பி. நீங்க போன்ல பேசச் சொன்னீக பாருங்க, அப்பத்தான் உங்களுக்குத் தெரியலைன்னு புரிஞ்சது. ஆனா அதை வாயால சொல்ல எனக்கு வரலை.” பிறகு அவரே சிரித்தார். “செல்லுல மெசேஜ் போட்டுக்கிறாக. சாப்பிட்டியா, தூங்குனியான்னு கேக்கலாம். புருஷன் பொண்டாட்டி சண்டை போடக் கை வேணும்ல.”

மறுநாள் மத்தியானம் முதன்முறையாக வாசல் வழியாகப் போனேன். பெண்ணின் அம்மா கதவைத் திறந்து, ரேஷன் கடை வரை போய்விட்டு வந்துவிடுகிறேன், ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்று கிளம்பினார். அந்தப் பெண் கம்ப்யூட்டரின் துணி உறையை எடுத்து மடித்து வைத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நான் மேலே போவேன், வயரைச் செருகுவேன், இறங்கி வந்து பார்ப்பேன், மறுபடி மேலே போவேன் என்று கையாலேயே சொல்லிக் காட்டினேன். என் கைப்பேச்சு அவ்வளவு கேவலமாக இருந்திருக்க வேண்டும், அவள் சிரித்துவிட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். என்னை மாடிக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயரின் ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, மேலே போய்த் தையல்கடை மாடி வரை இழுத்து, மறுமுனையைப் பெட்டியில் செருகினேன். பழக்கத்தில் வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். இறங்கிப் போகலாம் என்று பூட்டிய வீட்டின் மாடியில் பாதித் தூரம் வந்திருப்பேன். கீழேயிருந்து டொங் என்று ஒரு சத்தம். நின்றேன். மறுபடி டொங், டொங், டொங். எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிக்கிற சத்தம். ஓடிப்போய்க் கம்பி வலை வழியாகக் குனிந்து பார்த்தேன். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கரண்டி, நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டு அவள் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் திரையில் அவள் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தான், படம் நிற்காமல் ஓடியது.

நான் கையைத் தூக்கி ஆட்டினேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். அதற்குமேல் பார்ப்பது மரியாதையில்லை என்று தண்ணீர்த் தொட்டி நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். பக்கத்தில் என் வயர் போய்க்கொண்டிருந்தது. அதில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அதற்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டு போகிறார்கள், பெங்களூருக்கும் காரைக்குடிக்கும் நடுவில் விரல்கள் பறந்துகொண்டிருக்கின்றன. அந்த மத்தியானத்தின் மயக்கம் எனக்கு இன்றுவரை முழுசாகத் தெளியவில்லை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை புருஷனுக்குச் சாப்பாட்டு நேரம். படம் ஒரு துளி நின்றுவிடக் கூடாதே என்று அந்த ஒரு மணி நேரம் மற்ற ஏழு வீட்டு வயரையும் நான் கழற்றிவிடுவேன். ஏம்ப்பா, மத்தியானம் மட்டும் நெட் வர்றதில்லை என்று கேட்டவர்களிடம், வெயிலுக்கு வயர் சூடாகிவிடுகிறது என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. குழந்தைக்கு மூன்று மாசம் முடிந்து அவர்கள் பெங்களூர் கிளம்பிய பிறகுதான் எட்டாவது வயர் மறுபடி பேங்க் ஆபீஸர் வீட்டுக்குப் போனது.

இப்போது எங்கள் ஊரில் நெட் இல்லாத வீடே இல்லை, நானும் சொந்தமாகக் கடை வைத்துவிட்டேன். ஆனாலும் அந்தத் தட்டுச் சத்தம் விடமாட்டேன் என்கிறது. அவளுக்குக் காது கேட்காது என்பதை, பதில் வராமல் நின்றபோது நான் ஒரு நிமிஷம்கூட யோசித்துப் பார்க்கவில்லை. எனக்குக் காது கேட்கும் என்பதை, தான் பிறந்ததிலிருந்து கேட்டே அறியாத ஒரு சத்தத்தை எனக்காக எழுப்ப வேண்டும் என்பதை, அவள் யோசித்திருக்கிறாள். அதற்கப்புறம் யாராவது நான் கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் எனக்குக் கோபம் வருவதில்லை, இறங்கிப் போய் அவர்கள் முகத்துக்கு நேரே நின்று பார்க்கிறேன்.