மூன்று வண்டிச் சீர்

மஹல்லா நகரில் கல்யாணச் சீர் கமுக்கமாகப் போகாது. திறந்த வண்டிகளில், பாட்டும் கொட்டுமாகத் தெருத்தெருவாகப் போகும். மாடிக்கு மாடி பெண்கள் நின்று விரல்விட்டு எண்ணுவார்கள். எண்ணிவிட்டுச் சும்மாவா இருப்பார்கள்?

ரெஹாபுக்கு நிச்சயமானபோது பதினேழு வயது; பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். அப்பா இல்லை; கீழே ஒரு தங்கை. தையல் கூடத்தில் காஜா எடுக்கும் அம்மா கவ்ஸர்தான் எல்லாம். பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒருத்தி தன் சீர்ப் பொருளைப் படம் பிடித்துப் போடுவாள்.

"உன்னுது எங்கடி ரெஹாப்? இன்னும் கரண்டியிலேயே நிக்கிறியா?"

அதைப் படித்ததும் போனை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுவாள்.

அப்படித்தான் ஃப்ரிட்ஜ் வந்தது. பிறகு இருபது போர்வை. அந்த வெயிலுக்கு இருபது போர்வை எதற்கு என்று கேட்கக் கூடாது. தோழி மயாதாவுக்குப் பதினெட்டு வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை.

எல்லாம் ஹாஜி முத்வல்லியின் வீட்டுச் சாமான் கடையில் தவணைக்கு. ஒவ்வொரு முறையும் அவர் தேநீர் வரவழைத்து, கையெழுத்துக்காகக் கவ்ஸரிடம் ஒரு தாளை நீட்டுவார். 'நம்பி ஒப்படைத்த பணத்தைப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த தாள்.

"தொகையே எழுதலையே, ஹாஜி?"

"நமக்குள்ள என்ன, ரெஹாப் அம்மா? ஊருல எல்லாரும் இப்படித்தானே போடறாங்க."

அது நிஜம்தான். கடன் கட்டாதவளை ஜெயிலில் போட முடியாது. ஒப்படைத்த பணத்தைத் தின்றவளைப் போடலாம். அடுத்த தெரு ஸனிய்யா அப்படித்தான் உள்ளே போனாள். அது ரெஹாபுக்கும் நன்றாகத் தெரியும்.

இவள் சீர் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மயாதாவின் வண்டி போனது. மேலே பாத்திரம் கழுவும் மெஷின்.

"அது இல்லாம என் வண்டி கிளம்பக் கூடாதும்மா. மானம் போயிடும்."

"தண்ணியே ரெண்டு மணி நேரம்தான்டி வருது!"

"மயாதா வீட்டுல மட்டும் கடலா ஓடுது?"

கவ்ஸர் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கடையில் ஐந்தாவது தாளில் அம்மா கையெழுத்துப் போடும்போது ரெஹாப் பக்கத்தில்தான் நின்றாள். தொகைக்கான இடம் வெறுமையாக இருந்தது. 'வேண்டாம்மா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"சில்வர் கலர் இருக்கா, ஹாஜி?" என்று கேட்டாள் பாவி மகள்.

மூன்று வண்டி போயிற்று. கவ்ஸர் முதல் வண்டியில் ஏறி நின்று தொண்டை கிழியக் குலவையிட்டாள். ஹாஜி கடை வாசலில் நின்று கைதட்டினார்.

கல்யாணமான ஐந்தாம் மாதம் தையல் கூடத்தில் ஆள் குறைத்தார்கள். இரண்டு தவணை தவறியது. ஹாஜி ஐந்து தாள்களிலும் தன் மனம் போன தொகையை நிரப்பினார். கவ்ஸருக்கு மூன்று வருடம் என்றது கோர்ட்.

சிறையில் பார்க்கப் போனபோது அம்மா பாதியாக இளைத்திருந்தாள். ரெஹாப் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எல்லாத்தையும் வித்துடறேம்மா. பெட்டிகூடப் பிரிக்கலை. ஹாஜிகிட்ட பணத்தைக் கட்டி, கேஸை வாபஸ் வாங்க வெச்சு உன்னைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"வாயை மூடுடி! இறக்கின சீரு திரும்ப வண்டியேறினா ஊரு என்ன பேசும்? உன் தங்கச்சியை எவன் கட்டுவான்? நான் இருந்துக்கறேன், போ."

ரெஹாப் இன்னொரு முறை கேட்கவில்லை. விற்க வேண்டாம் என்று அம்மாவே சொன்னதும் அவளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதை உணர்ந்த மறுகணம் அவளுக்குத் தன்னைக் கண்டே பயமாக இருந்தது.