நுஸைபா டீச்சரின் தூக்கம்

ஒரு பதிலைக் கேட்டுச் சிரித்ததில்தான் நுஸைபாவின் வேலை போனது.

மீமிசலில் ஒரு தனியார் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். வட்டத்துக்கு எத்தனை பக்கம் என்று ஏழாம் வகுப்பில் கேட்டாள். "ரெண்டு டீச்சர். உள்பக்கம், வெளிப்பக்கம்" என்றாள் ஒரு மாணவி. நுஸைபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் முழங்கால் இரண்டும் விட்டுப்போய், கரும்பலகையை ஒட்டி அப்படியே சரிந்தாள்.

கண் மூடியிருந்தது. காது மூடவில்லை. பிள்ளைகள் அலறியது கேட்டது. "பிட்ஸ் வந்துருச்சு" என்று யாரோ சொன்னது கேட்டது. சாவிக்கொத்து ஒன்றை அவள் கையில் திணித்தார்கள். பிட்ஸ் இல்லை என்று சொல்ல முயன்றாள்; நாக்கு அசையவில்லை. சிறிது நேரத்தில் தானே எழுந்து உட்கார்ந்து, உடையில் படிந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் தலைமையாசிரியை புவனேஸ்வரி கூப்பிட்டார். "பெத்தவங்க பயப்படுறாங்க டீச்சர். கிளாஸ்ல தூங்குறீங்கன்னு ஏற்கனவே புகார் இருக்கு. ஒடம்ப நல்லாப் பாத்துட்டு அப்புறம் வாங்க."

அந்த "அப்புறம்" வரவே வராது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கல்லூரிக் காலத்திலிருந்தே இந்தத் தூக்கம் அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. சொந்த ஊரான கோட்டைப்பட்டினத்தில் பஸ் ஏறினால் மீமிசலைத் தாண்டித் தொண்டியில் போய் விழிப்பாள். "பொம்பளப் புள்ள இப்புடித் தூங்குனா வூடு வெளங்குமா?" என்பார் அம்மா ரம்லத் பீவி. கணவன் அசாருதீன் ஷார்ஜாவில் கடையில் வேலை பார்க்கிறான். நாள் முழுக்கக் காத்திருந்து இரவில் வீடியோவில் கூப்பிடுவான். அவன் பேசப் பேச அவள் தலை சாய்ந்துவிடும். கொஞ்ச நாளில் கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டான். கல்யாண வீடுகளில் சிரிப்பு வந்தால், விழுந்துவிடாமல் அதை அடக்கிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொள்வாள். யாரோடும் சிரிக்காத திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

ஊர் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார். வேலை போன பிறகு ஒருநாள், "சிரித்தால் முழங்கால் மடங்குகிறது" என்று போனில் தட்டித் தேடினாள். தன்னைப் போலவே விழுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. மறுபடி அந்த டாக்டரிடம் போய், "திருச்சியில தூக்கத்தப் பரிசோதிக்கிற எடம் இருக்காம் சார். எழுதித் தாங்க, நான் போய்க்கிறேன்" என்றாள். தேவையில்லை என்றார் அவர். எழுதித் தரும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

திருச்சிக்கு அம்மாவும் கூடப் போனார். மகளின் தலையில் ஒயர்களை ஒட்டுவதைப் பார்த்து, "முடிய மழிச்சிருவாங்களோ" என்று அவருக்கு ஒரே கவலை. இரவுத் தூக்கத்தைப் பதிவு செய்தார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் எழுப்பினார்கள். படுத்த ஒவ்வொரு முறையும் அவள் உடனே தூங்கிப்போனாள்.

மாலையில் டாக்டர் ஷீபா கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது நீங்க முழிச்சிருக்கப்ப. மூளையில ஓடுற அலை சின்னதா, நெருக்கமா இருக்கு பாருங்க. ஆழ்ந்து தூங்குனா இப்படிப் பெருசா, மெதுவா வரும். கனவு காணுற தூக்கத்துல மட்டும் திரும்பவும் முழிச்சிருக்கற மாதிரியே வேகமாயிடும். அப்ப மூளை கை காலக் கட்டிப்போட்டுரும். இல்லேன்னா கனவுல ஓடுறவங்க நெசமாவே எந்திரிச்சு ஓடிருவாங்க."

"எனக்கு?"

"மத்தவங்களுக்குக் கனவுத் தூக்கம் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒங்களுக்குப் படுத்த கொஞ்ச நேரத்துலயே வந்துருது."

"சிரிக்கிறப்ப நான் தூங்கலையே டாக்டர். எல்லாம் காதுல விழுகுதே."

"தூங்கல. முழிச்சிருக்கப்பவே அந்தக் கட்டு மட்டும் தனியா வந்து விழுகுது. இதுக்கு நார்கோலெப்சின்னு பேரு. முழுசா போகாது, மாத்திரையில கட்டுப்படுத்தலாம். பகல்ல நேரம் வச்சுக் கொஞ்சம் தூங்கவும் செய்யணும்."

"அப்ப எம்மக சோம்பேறி இல்லைங்களா?" என்றார் ரம்லத் பீவி.

"இல்லம்மா. இத்தன வருசம் இதோட படிச்சு, வேலையும் பாத்திருக்காங்க."

ஊர் திரும்பும்போது ரம்லத் பீவி பஸ்ஸில் மகளை ஜன்னலோரம் உட்கார வைத்து, "நீ தூங்கு, எறங்கும்போது எழுப்புறேன்" என்றார்.

அசாருதீனிடம் நுஸைபாவே போனில் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் பேசுறது ஒனக்குப் புடிக்கலைன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

"புடிக்காமத் தூங்கல மச்சான், என் தூக்கத்த அளந்தே பாத்துட்டு வந்துருக்கேன். இனிமே காலையில கூப்பிடுங்க."

பழைய பள்ளியில் புவனேஸ்வரி அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார். ஆனால் அவளைத் திரும்பச் சேர்க்க நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. நுஸைபா வேறு பள்ளிகளில் ஏறி இறங்கினாள். எங்கும் நோயை மறைக்கவில்லை. "சாப்பாட்டு நேரத்துல இருவது நிமிசம் படுக்க எனக்கு எடம் வேணும். மத்த நேரம் என் கிளாஸ்ல வந்து ஒக்காந்து பாருங்க" என்பாள். சிலர் அனுதாபப்பட்டு அனுப்பிவைத்தார்கள். மணமேல்குடியில் ஒரு பள்ளி முதல்வர் மட்டும் நிஜமாகவே ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்.

இப்போது அங்கேதான் வேலை. மாத்திரை போட்டும் சில நாள் கண் செருகும். அப்போது நின்றுகொண்டே பாடம் நடத்துவாள். மதியம் ஆய்வகத்துப் பக்கத்து அறையில் பாய் விரித்துப் படுப்பாள். இந்த வருடம் பத்தாம் வகுப்புக் கணக்கையும் அவளிடமே கொடுத்திருக்கிறார்கள்.