மஞ்சள் சுவர்

மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, ஏரியைப் பார்த்த எங்கள் வீட்டு முகப்புக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, காதோரம் காய்ந்த பெயிண்ட். பிரஷ்ஷைத் தோய்க்கும்போதெல்லாம் திரும்பி ஏரியைப் பார்ப்பார். வேலையில் கவனமில்லாத ஆள் என்று நினைத்தேன்.

பழைய மஞ்சள் முழுக்கப் புதுச் சாம்பல் நிறப் பெயிண்டில் மறைந்தபோது வானம் கறுத்து, மழை பிடித்தது.

"வீட்டுக்காரரு எங்கம்மா?"

"எறாலு புடிக்கப் போயிருக்காரு. இன்னா?"

"இந்த மஞ்ச செவுத்தப் பாத்துத்தானே படகத் திருப்புவாரு?"

திரும்பிப் பார்த்தேன். ஏரி, வானம், எங்கள் சுவர் மூன்றும் இப்போது ஒரே சாம்பல். திரும்பும் இடம் தவறினால் நீரோட்டம் படகை, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு இழுத்துப் போய்விடும்.

கொடியில் கிடந்த என் மஞ்சள் புடவையை உருவிக்கொண்டு அவர் மாடிக்கு ஓடினார். அதைச் சுவர்மேல் தொங்கவிட்டு, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

பொழுது சாயும்போது ஒரு படகு எங்கள் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரர் கரையேறினார்.

அதற்கப்புறமும் மாடியில் பெயிண்ட்காரர் புடவையை விடாமல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காக என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.