கணினிக்கு யாரும் நேரம் சொல்லவில்லை

மதியம் ஒன்றரை ஆனதும் திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வரும்: நேரம் முடிந்தது, வேலையைப் பாருங்கள். அடுத்த நொடி விளையாட்டு மறைந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த கப்பல் கம்பெனியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணினிதான். ஆளுக்கொரு திரையும் விசைப்பலகையும் மட்டும் இருந்தன. இருவர் மோதிக்கொள்ளும் விண்கல விளையாட்டு ஒன்று அதில் உண்டு. சாப்பாட்டு இடைவேளைக்காகப் பன்னிரண்டரைக்குத் திறக்கும், ஒன்றரைக்கு மூடிக்கொள்ளும். அப்படிக் கணினிக்குள் எழுதி வைத்தவர் எங்கள் தலைமை ஆப்பரேட்டர். பாய் என்போம். கெஞ்சினாலும் ஒரு நிமிடம் கூட்டித் தரமாட்டார். "மெஷின்கிட்ட கேட்டுக்கோ லா" என்பார். அவர் ஆடி நாங்கள் பார்த்ததே இல்லை.

எண்பத்திரண்டு புத்தாண்டில் அரசாங்க உத்தரவுப்படி சிங்கப்பூரின் கடிகாரங்களை எல்லாம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். பாய் கைக்கடிகாரத்தை மாற்றினார், சுவர்க் கடிகாரத்தை மாற்றினார், கணினியை மறந்துவிட்டார். விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் விளையாட்டு தாமதமாகத்தான் திறந்தது. மெஷின் இன்று மந்தம் என்று நினைத்துக்கொண்டு ஆட உட்கார்ந்தேன். மணி பார்க்கிற பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. நேரமானால் அதுதான் விரட்டிவிடுமே. சுவர்க் கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியபோது மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். கணினிக்கு அப்போது ஒன்றேகால்தான்.

நான் அப்போது தற்காலிக ஊழியர். தேக்காவில் நாங்கள் குடியிருந்த வீட்டை அரசாங்கம் இடிக்கவிருந்தது. ஆங் மோ கியோவில் கிடைத்த அடுக்குமாடி வீட்டுக்குத் தவணை கட்ட அப்பா என் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார். வேலை நிரந்தரமாகாது என்று மேனேஜர் சொன்னதும் என் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அழுதேன். பாய் மேனேஜர் அறைக்குப் போய், தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அத்தனை வருட சர்வீசில் அவர் மேல் விழுந்த முதல் கரும்புள்ளி அது. "நீ ஏம்மா அழுவுற? மெஷினுக்கு நேரம் சொல்லாதவன் நான்தானே" என்றார்.

என் வேலை தப்பியது. விளையாட்டை அழித்துவிடும்படி உத்தரவு வந்தது. மறுநாள் காலை, நல்ல வேலை நேரத்தில், பாய் தானே விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ சொல்லிக் கொடும்மா. அதுல என்னதான் இருக்குன்னு பாக்குறேன்."

எந்த விசை எதற்கு என்று காட்டிவிட்டு எதிர்த் திரைக்கு முன் உட்கார்ந்தேன். மூன்று ஆட்டம். மூன்றிலும் அவர் விண்கலத்தைத் தூள் தூளாக்கினேன். சிரித்துக்கொண்டே எழுந்து போய் அழித்துவிட்டார்.

ஓய்வு பெறும்வரை அதே கம்பெனியில்தான் இருந்தேன். பாய்க்கு ஒரு நன்றிகூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இத்தனை வருடம் கழித்தும் உறுத்துவது அதுகூட இல்லை. ஓர் ஆட்டத்திலாவது அவரை ஜெயிக்க விட்டிருக்கலாம்.