ஜமீலா ஆன்ட்டியின் கை

இந்தத் தாள் உங்களிடம் வந்தால், தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். நீங்கள் ஜமீலா ஆன்ட்டிக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. முக்கியமாக அவருடைய மகள் ரஹ்மா அக்காவுக்குக் காட்டாதீர்கள்.

நேற்றுப் பள்ளி முடிந்ததும் செய்தி வந்தது. தஞ்சோங் பகார் அலுவலகத்திலிருந்து அம்மா அழைத்தார். “பக்கத்து வீட்டு ஆன்ட்டி தவறிட்டாங்க. கடையிலேயே நெஞ்சு வலியாம். நேரா வீட்டுக்கு வா.” எங்கள் வீடு இருக்கும் பொங்கோல் வரும்வரை ரயிலில் என் கைகளைப் பைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தேன்.

நாங்கள் இங்கே குடிவந்த மறுநாளே, குளியலறை கழுவும் திரவம் தெறித்து என் இரண்டு கண்களுக்கும் கட்டுப் போட்டார்கள். அப்போது ஆன்ட்டியை நான் பார்த்ததே இல்லை. அம்மா வேலைக்குப் போனதும் அவர்தான் வந்து என்னுடன் இருப்பார். மதியத்துக்கு மேல் ஃபேரர் பார்க் துணிக்கடை வேலைக்குக் கிளம்புவார்.

நான் அழாமல் இருக்க ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ஒரு பித்தானை என் உள்ளங்கையில் வைப்பார். மறுநாள் அதை ஒரு கிண்ணம் நிறையப் பித்தான்களில் போட்டுத் தேடச் சொல்வார். முதலில் தடுமாறினேன். பிறகு விரல்கள் தாமாகவே சரியான பித்தானில் நின்றன.

கண் மருத்துவரிடம் இதைச் சொன்னோம். கண் மூடியிருக்கும்போது மூளையில் பார்வைக்கான பகுதி தொடுதலுக்கும் வேலை செய்யத் தொடங்கலாம், கட்டை அவிழ்த்தால் பழையபடி ஆகிவிடும் என்றார்.

“பாத்தியா, உன் மூளை கைக்காக ஓவர்டைம் பாக்குது லா,” என்றார் ஆன்ட்டி.

“சம்பளம் யாரு கொடுப்பா?”

“நான்தான். ரம்புத்தான் பழமா கொடுக்கிறேன்.”

ஆனால் என் விரல்கள் நன்றாகப் படித்தது அவருடைய கையைத்தான். வளைந்த சுண்டுவிரல், கட்டைவிரலில் கத்தரிக்கோல் பிடித்த காய்ப்பு. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தாழ்வாரத்தில் நடந்தேன், தூங்கினேன்.

கட்டு அவிழ்த்த அன்று ஆன்ட்டி ரம்புத்தான் உரித்து நீட்டினார். அவர் கை முழுவதும் வெள்ளைத் திட்டுகள். நான் என் கையை இழுத்துக்கொண்டேன். அதோடு விடவில்லை. கையைச் சட்டையில் துடைத்தேன்.

ஆன்ட்டி பார்த்தார். “பரவாயில்லமா. மேசையில வைக்கிறேன்.”

மறுநாளிலிருந்து கறுப்புக் கையுறை போட ஆரம்பித்தார். லிஃப்டில் யாரோ கேட்டார், “என்ன ஆன்ட்டி, மோட்டார்சைக்கிள் வாங்கிட்டீங்களா?” “வெயில் லா,” என்று சிரித்தார். என் பக்கம் திரும்பவில்லை. அந்தத் திட்டுகள் தொற்றாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போதும் போய் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

இன்று ரஹ்மா அக்கா கேட்டார். “இத்தனை வருஷமா உம்மா கையை மறைச்சதே இல்ல. திடீர்னு ஏன் க்ளவுஸ்? உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?”

“தெரியலக்கா.”

“அப்ப கடையிலதான் யாரோ மனசு நோகப் பேசியிருக்காங்க. நாளைக்குப் போய் அந்த முதலாளிய நாலு பேருக்கு முன்னால கேக்கப் போறேன்.” பிறகு என் தலையைத் தடவினார். “உன்மேல உம்மாவுக்கு உயிரு. வீட்ல எல்லாருக்கும் வாசிக்க உம்மாவப் பத்தி நாலு வரி எழுதித் தா.”

பலமுறை எழுதிப் பார்த்தேன். இதுதான் வருகிறது.

மருத்துவர் சொன்னது போல என் மூளை பழையபடி ஆகியிருக்கலாம். அந்தப் பித்தான்களை இப்போது கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சுண்டுவிரல் இன்னும் என் கைக்குள் இருக்கிறது. அதில் எந்தத் திட்டும் தெரிவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான். அதை வைத்துக்கொள்ள எனக்கு

கதவைத் தட்டுகிறார்கள். “எழுதிட்டியாம்மா?” ரஹ்மா அக்காவின் குரல். இதைத் தவிர வேறு தாள் என்னிடம்