ஏழாம் குழிக்குக் குறுக்கே ஒரு பாதை

கோல்ஃப் கிளப்பில் புல் வளர்க்கும் வேலை என்பது, அடுத்தவர் ஆட்டம் சரியில்லாததற்கெல்லாம் நாம் திட்டு வாங்கும் வேலை. யாரோ செய்த தப்புக்குக் கைகட்டி நின்று பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையோரம் அந்த கிளப் தொடங்கியபோதே சேர்ந்துவிட்டேன். செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போட்ட குடும்பம் எங்களுடையது. களை எடுக்கத் தெரிந்தவன் என்று சொல்லி என்னைப் புல்வெளி மேற்பார்வையாளர் ஆக்கினார்கள்.

சாய்ந்த புல்

குழியைச் சுற்றியிருக்கும் புல்லை முகச்சவரம் செய்வதுபோல் ஒட்ட வெட்ட வேண்டும். உப்புக்காற்றில் அது கருகாமல் பார்த்துக்கொள்வதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் உறுப்பினரான வக்கீல் ஒருவர் தட்டிய பந்து, குழியின் வாய்வரை போய் விலகிவிட்டது. மைதானம் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார். குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு, எல்லார் முன்னாலும் சொன்னார்:

“புல்லு இந்தப் பக்கமா சாஞ்சிருக்கு, நான் அந்தப் பக்கமா அடிக்கிறேன். ஆடறவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்ட மாட்டியாய்யா?”

மீன் கூடை

கடலோரக் குப்பத்துக்கும் பஸ் நிற்கும் சாலைக்கும் நடுவில்தான் எங்கள் மைதானம். குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு காலைப் பஸ்ஸைப் பிடிக்கப் போகும் ஒற்றையடிப் பாதை, ஏழாம் குழிக்குப் பந்தடிக்கும் இடத்தில் குறுக்கே போகும். கிளப் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது இருந்தது. நடந்து நடந்து மண் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டதால், அதில் கிடக்கும் பந்தை அடித்தால் மட்டை கெட்டுவிடுகிறது என்று உறுப்பினர்கள் புலம்பினார்கள். உடனே கமிட்டி ஒரு விதி போட்டது. பாதையில் விழுந்த பந்தைக் கையால் எடுத்து, பக்கத்துப் புல்லில் போட்டு ஆடலாம், அபராதம் கிடையாது. இதற்கு ஃப்ரீ டிராப் என்று பெயர். விடாப்பிடியாகக் கேட்டு அந்த விதியை வாங்கியவர் நம் வக்கீல்தான். நடந்து போகிறவர் மண்டையில் பந்து விழுந்தால் என்ன செய்வது? அதற்கு மட்டும் விதி இல்லை!

ஒருநாள் வக்கீலின் பந்து, தனலட்சுமி என்ற பெண்ணின் தலையில் இருந்த கூடைக்குள்ளேயே விழுந்தது. அரை சாண் தள்ளியிருந்தால் அவள் உயிர் போயிருக்கும். மனிதர் ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன். “நகராதே, பந்து இடம் மாறிடும்!” என்று கத்தினார். அவள் நடையை நிறுத்தவில்லை.

“பஸ்ஸு வந்துகினு கீது சார். பந்து வோணும்னா திருப்போரூர் சந்தைக்கு வா, சங்கரா மீனோட சேத்து எட போட்டுத் தரேன்.”

சலவைக்கல் சரித்திரம்

சில வருஷம் கழித்து, கிளப்பின் வரலாற்றைச் சலவைக்கல்லில் பொறித்து வரவேற்பறைச் சுவரில் பதித்தார்கள். எழுதியவர் எங்கள் செயலாளர். “ஆளரவமற்ற பொட்டல் காட்டில்” என்று ஆரம்பம். ஆளரவமற்றதாம்! தினம் காலையில் ஒரு குப்பமே சளசளவென்று பேசிக்கொண்டு போகும் இடம் அது.

அதோடு விட்டாரா? வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள், மீன் நாற்றம் ஆகாது என்று அந்தப் பாதையை மறித்து வேலி போடச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைதானத்தைச் சுற்றிப் போனால் பஸ் போய்விடும், பஸ் போனால் மீன் கெட்டுவிடும், அதுதான் அவர்கள் பிழைப்பு, காலகாலமாக இருக்கிற பாதை சார் என்றேன். அவர் சுவரைக் காட்டினார்.

“பாதையா? கல்லுல முழுக்கப் படிச்சுப் பாருய்யா. எங்கயாவது இருந்தா காட்டு.”

தாசில்தார் வந்த காலை

கம்பங்கள் நட்டாயிற்று. கம்பி இழுப்பதற்குள் குப்பத்துக்காரர்கள் மனு கொடுத்துவிட, தாசில்தார் நேரில் வந்தார். அங்கே எந்நாளும் பாதை இருந்ததில்லை என்று கிளப்புக்காகப் பதில் எழுதிக் கொடுத்தவர் நம் வக்கீல். அன்று கிளப்பின் வருடாந்திரக் கோப்பைக்கான இறுதி ஆட்டம், அவர் ஆடிக்கொண்டிருந்தார். தனலட்சுமி கூடையோடு ஓரமாக நின்றாள். “இது டிராக்டர் ஓடின தடம் சார்” என்று செயலாளர் கூசாமல் சொல்லிவிட்டு, என்னையும் ஆமாம் போடச் சொல்லி முறைத்தார். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் சொத்தென்று ஒரு பந்து கம்பங்களுக்கு நடுவே, பாதையில் வந்து விழுந்தது.

வக்கீல் வந்தார். வழக்கம்போல் குனிந்து பந்தை எடுத்தார். எதிர் ஆட்டக்காரர் விடவில்லை. “பாதையே இல்லைனு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? கிடந்த இடத்திலேயே வச்சு அடிங்க” என்றார். செயலாளர் கண்ஜாடை காட்டினார், இருமினார். கோப்பை கைநழுவும் நேரத்தில் வக்கீலுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. “அது கேஸு, இது ஆட்டம்! கிளப் ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்தப் பாதையில நான் ஃப்ரீ டிராப் எடுத்துட்டிருக்கேன்!” என்று கத்தினார். தாசில்தார் அவர் பக்கம் திரும்பினார்.

“சரிங்க சார், பாதையை விட்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அந்தம்மாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது.”

கம்பங்களை நட்ட நானே பிடுங்கிப் போட்டேன்; அந்த ஃப்ரீ டிராப்பால் கோப்பையை வென்ற வக்கீலின் பெயரைச் சலவைக்கல்லில் சேர்த்த புண்ணியவான்களுக்கு, அவருக்கு அதை வாங்கிக் கொடுத்த பாதையைச் சேர்க்க மட்டும் இன்றுவரை இடம் கிடைக்கவில்லை.